தினம் ஒரு பாட்டு: ஸ்டேட்டஸிலா, குரூப்பிலா?

வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தால் 24 மணி நேரத்தில் தானாகப் போய்விடும். காலையில் சோகம், சாயங்காலம் குத்து என்று மனசு போனபடி மாற்றலாம், யாரும் கேட்க மாட்டார்கள் (சித்தி மட்டும் கேட்பார்).

என் ஓட்டு குரூப்புக்குத்தான். வடசேரி பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறவன் இளையராஜா மெலடி ஒன்றைத் தட்டிவிட்டால், "மக்கா, மார்த்தாண்டத்துல வெயிலு கொளுத்துது, வேற போடு" என்று உடனே பதில் வரும், கூடவே இன்னொரு பாட்டும் வரும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற கன்னியாகுமரி மாவட்டம், மழைப் பாட்டுக்கா பஞ்சம்? குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற அண்ணன் விடியுமுன் அனுப்புகிற பழைய மலையாளப் பாட்டெல்லாம் நானாகத் தேடிக் கேட்டிருக்கவே மாட்டேன்.

ஒரே தொல்லை, குட்மார்னிங் படங்களுக்கு நடுவில் பாட்டைத் துழாவ வேண்டும்.