12400எஃப்பா, 5600ஆ? முதலில் போர்டைச் சொல்லுங்கள்

அக்கா மகன் கேட்டான்: "மாமா, கேம் ஆட கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணணும். காசு கம்மி. இன்டெல் ஐ5-12400எஃப்பா, ஏஎம்டி ரைசன் 5 5600ஆ?" எந்த மதர்போர்டு என்று திருப்பிக் கேட்டேன். "ஏதோ ஒண்ணு, கடைக்காரர் குடுக்கறது" என்றான். பட்ஜெட் பிசியில் கோட்டை விடுகிற இடமே அதுதான்.

ப்ராசசர்களுக்குள் பெரிய சண்டை கிடையாது. இரண்டும் 2022இல் வந்தவை. இரண்டிலும் 6 கோர் (வேலை செய்யும் மூளைகள்), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டும் வேலைகள்), உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ். எல்3 கேஷ், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம், மட்டும் 12400எஃப்பில் 18 எம்பி, 5600இல் 32 எம்பி. ஆர்எக்ஸ் 6600 மாதிரி ஒரு கிராபிக்ஸ் கார்டைப் போட்டு 1080பியில் ஆடினால், எதில் எந்தச் சிப் இருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. இரண்டிலுமே உள்ளே கிராபிக்ஸ் இல்லை. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகிவிட்டு 'டிஸ்ப்ளே வரலை' என்று பதறுபவர்கள் இன்றும் உண்டு.

சரி, போர்டுக்கு வருவோம். 12400எஃப்போடு கடையில் தள்ளிவிடுவது பெரும்பாலும் எச்610 என்ற மலிவு ரக போர்டு. கிராபிக்ஸ் கார்டுக்கு பிசிஐஇ 4.0 (கார்டும் எஸ்எஸ்டியும் ப்ராசசரோடு பேசும் பாதை; 3.0ஐ விட வேகமானது) கிடைக்கும், அதில் குறையில்லை. ஆனால் ரேம் ஸ்லாட் இரண்டுதான். ரேமை ஓவர்கிளாக் செய்ய முடியாது, டிடிஆர்4 ரக ரேம் என்றால் வேகம் 3200இல் நின்றுவிடும். எஸ்எஸ்டிக்கு ப்ராசசரிலிருந்து நேரடி வழியும் இல்லை. 65 வாட் சிப்புக்கு இதெல்லாம் போதும்தான். பின்னாளில் பெரிய சிப் மாற்றலாம் என்ற எண்ணம் இருந்தால் பி660 என்ற மேல்ரக போர்டுக்குப் போக வேண்டும், அங்கே மிச்சம் பிடித்த காசு கரைந்துவிடும். இன்னொன்று: இந்த சாக்கெட்டில் (சிப் உட்காரும் இடம்) டிடிஆர்4 போர்டும் உண்டு, புதிய ரக ரேமுக்கான டிடிஆர்5 போர்டும் உண்டு. பெட்டியைப் படிக்காமல் பழைய ரேமோடு வீட்டுக்கு வந்தால் ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது.

5600க்கு என் தேர்வு பி550 போர்டு. கார்டுக்கும் முதல் எஸ்எஸ்டிக்கும் பிசிஐஇ 4.0 உண்டு, ரேம் வேகத்தையும் கூட்டிக்கொள்ளலாம். ஏ520 போர்டு மலிவு, ஆனால் எல்லாம் பழைய பிசிஐஇ 3.0. இது வெறும் பேப்பர் கணக்கு இல்லை. இப்போதைய பட்ஜெட் கார்டுகள் பலவும் 16க்குப் பதில் 8 லேனில்தான் (பிசிஐஇ பாதையின் தடங்கள்) பேசுகின்றன, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு நாலே லேன். 3.0 ஸ்லாட்டில் அதைச் சொருகினால் மூச்சு முட்டும். அதே காரணத்தால்தான் ரைசன் 5 5500ஐ 5600இன் மலிவுத் தம்பி என்று நினைத்து வாங்க வேண்டாம் என்கிறேன். கேஷ் பாதி, 16 எம்பி. பி550 போர்டில் போட்டாலும் அந்தச் சிப் 3.0ஐத் தாண்டாது.

பழைய பி450 போர்டு கையில் இருக்கிறதா? 5600ஐத் தாராளமாகப் போடலாம், பயாஸை (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்தபின். நான் அதைச் செய்யாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. ரேமை மாற்றி, கார்டை மாற்றி, கடைசியில் பக்கத்துத் தெரு நண்பனின் பழைய ரைசனைக் கடன் வாங்கிப் போட்டு பயாஸை ஏற்றிய பிறகுதான் உயிர் வந்தது.

ஏஎம்டியின் புதிய சாக்கெட்டான ஏஎம்5 பக்கம் போகலாமே என்பீர்கள். சாக்கெட்டுக்கு ஆயுள் அதிகம், நிஜம். ஆனால் அங்கே டிடிஆர்5 மட்டும்தான். 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு, டிடிஆர்4 கையில் வைத்திருப்பவர் அதை விட்டுப் போவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

அக்கா மகனிடம் பழைய டிடிஆர்4 குச்சிகள் இரண்டு இருந்தன. 5600, பி550 என்றே சொன்னேன். இரண்டு கூட்டணிக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் டிடிஆர்4 எச்610உம் 12400எஃப்பும் வாங்கிவிட்டு, மிச்சத்தைக் கார்டில் போடு என்றும் சொன்னேன்.

அப்புறம் ஓர் எச்சரிக்கை. 5600இல் பின்கள் சிப்பின் அடியில் இருக்கும். கூலரைக் கழற்றும்போது, சூட்டைக் கடத்த நடுவில் தடவும் பேஸ்ட் இறுகியிருந்தால், பூட்டைத் திறக்காமலேயே சிப்பும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். பத்து நிமிடம் ஏதாவது கேமை ஓடவிட்டுச் சூடேற்று, பவரை அணைத்து ஒயரைப் பிடுங்கு, கூலரை மெல்ல இடமும் வலமும் திருகி எடு. நேராக மேலே இழுக்காதே.