கருநீலமா, கரும்பச்சையா?

சேலம் கன்னங்குறிச்சி வீட்டில் ஹாலுக்கும் படுக்கை அறைக்கும் அடர்ந்த நிறம் அடிப்பது என்று முடிவாகி மூன்று வாரம் ஆயிற்று. எந்த நிறம் என்பதுதான் முடிவாகவில்லை. எனக்குக் கருநீலம். அம்மாவுக்குக் கரும்பச்சை. மழை விட்ட சாயங்காலத்தில் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் சேர்வராயன் மலை ஒரு பச்சையில் இருக்குமே, அதுதான் வேண்டும் என்றார். ஷேட் கார்டில் தேடினால் அந்தப் பச்சையும் என் நீலமும் ஏறக்குறைய ஒரே கருப்பாகத் தெரிந்தன. அடர்ந்த நிறத்தைத் தபால்தலை அளவில் பார்த்து எடுக்கவே கூடாது.

இரண்டிலும் சின்ன டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் துண்டுகளில் இரண்டு கோட்டு அடித்து, அறை அறையாகச் சாய்த்து வைத்துப் பார்த்தோம். படுக்கை அறைக்கு வடக்கே ஜன்னல், நேர் வெயில் கிடையாது. அங்கே காலையில் நீலம் ஆழமாக, அமைதியாக இருந்தது. பச்சை சோர்ந்து சாம்பலடித்துப் போனது. மேற்கு பார்த்த ஹாலில் நாலு மணி வெயில் விழுந்ததும் கதை மாறியது. பச்சைக்குள்ளிருந்து இலையின் மஞ்சள் எட்டிப் பார்த்தது, பக்கத்தில் இருந்த தேக்கு அலமாரியும் எடுப்பாகத் தெரிந்தது. நீலம் அங்கே லேசாக ஊதா தட்டியது.

ராத்திரிதான் பெரிய வித்தியாசம். எங்கள் ஹாலில் 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு (கெல்வின் எண் ஏற ஏற வெளிச்சம் மஞ்சளிலிருந்து வெள்ளைக்குப் போகும்). அந்த வெளிச்சத்தில் நீலக் கதிர் குறைவு, அதனால் நீலச் சுவர் திருப்பி அனுப்ப அதிகம் ஒன்றும் இல்லை, பலகை கருப்பாகிவிட்டது. பச்சை பச்சையாகவே நின்றது. 6500 கெல்வின் டியூப்லைட் போட்டதும் நீலம் திரும்பி வந்தது. ஆனால் அந்த வெள்ளை வெளிச்சத்தில் ஹாலில் உட்கார்ந்து பேச எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காது.

சுவர் வேலையில் இரண்டுக்கும் பாடு ஒன்றுதான். "அக்கா, இருட்டுக் கலர்னா பட்டி பார்த்த குத்தமெல்லாம் காட்டிக் கொடுத்துரும்" என்றார் பெயிண்டர். பட்டி என்பது பெயிண்டுக்கு முன் சுவரைச் சமமாக்கப் பூசும் மாவு. பளபளப்பு கூடக் கூட மேடு பள்ளம் தெரியும். பளபளப்பில்லாத மேட் எடுத்தால் அது மறையும், ஆனால் கை உரசிய இடம் தடமாக நிற்கும். நீலப் பலகையில் விரலால் ஒரு கோடு இழுத்தேன், வெள்ளையாகப் படிந்துவிட்டது. பச்சையிலும் விழுந்தது, அவ்வளவு உறுத்தவில்லை. அடர்ந்த நிறத்துக்கான பேஸில், அதாவது கடையில் நிறம் கலக்கும் முன் இருக்கும் அடிப் பெயிண்டில், வெள்ளை நிறமி குறைவு என்பதால் அடியில் இருப்பது சீக்கிரம் மறையாது. சாம்பல் நிற பிரைமர் போட்டுவிட்டு, மூன்றாவது கோட்டுக்கும் சேர்த்துப் பெயிண்ட் கணக்குப் போடுங்கள்.

சேலத்து மே மாத வெயிலில் இருட்டு நிறம் அறையைச் சூடாக்காதா என்று கேட்டவர்கள் உண்டு. வெளிச்சுவரில் அடித்தால் நிச்சயம் சூட்டை வாங்கும். உள்சுவருக்கு அந்தப் பயம் தேவையில்லை. வீட்டுக்குள் அனல் இறங்குவது பெரும்பாலும் மொட்டை மாடித் தளம் வழியாகவும் வெயில் படும் வெளிச்சுவர், ஜன்னல் வழியாகவும்தான்.

குளியலறையை ஒட்டிய சுவருக்கு மட்டும் இரண்டுமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஈரம் ஏறி உப்புப் பூத்தால் வெளிர் நிறத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், இவற்றில் திட்டுத் திட்டாகத் தெரியும். முதலில் கசிவை அடைக்க வேண்டும்.

ஆக, ஹாலில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் அம்மாவின் பச்சை. நான் விட்டுக்கொடுத்ததாக நினைக்க வேண்டாம், அந்த வெயிலுக்கும் அந்த விளக்குக்கும் அதுதான் சரி. என் நீலம் படுக்கை அறையில், கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு. ராத்திரி அது கருத்தாலும் தூங்குகிற அறைதானே. இரண்டு டப்பாவிலும் அரை லிட்டர் மிச்சம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பிறகு டச்-அப்புக்கு மறுபடி மெஷினில் கலக்கினால் சாயல் கொஞ்சம் தவறலாம், அடர்ந்த சுவரில் அந்த ஒட்டு பளிச்சென்று தெரிந்துவிடும்.