பிளான்ட்யூஎம்எல்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பிளான்ட்யூஎம்எல்லில் மென்பொருள் வடிவமைப்புப் படத்தை எழுத்தாக எழுதுகிறோம். கட்டங்களையும் அம்புகளையும் அது வரைந்து தருகிறது. ஆர்னோ ரோக் 2009-இல் வெளியிட்ட ஓப்பன் சோர்ஸ் கருவி, ஜாவாவில் ஓடுவது. வேலையில் பல வருடமாக இதைத்தான் வைத்திருக்கிறேன். எது எதற்கு எந்த வரிசையில் செய்தி அனுப்புகிறது என்று காட்டும் சீக்வென்ஸ் படங்களுக்காக மட்டுமே என்றாலும் தாராளமாக எடுக்கலாம் என்பேன்.

ஒரு பேமென்ட் கோரிக்கை ஆப்பில் கிளம்பி, கேட்வே போய், வங்கியைத் தொட்டுத் திரும்புவதை ஏழெட்டு வரியில் எழுதிவிடலாம். தோற்றுப்போகும் வழிகளுக்கு ஆல்ட், எல்ஸ்; மறுமுயற்சிக்கு லூப். ஆட்டோநம்பர் என்று ஒரு வரி சேர்த்தால் அம்புகளுக்கு எண் விழும். மீட்டிங்கில் "ஆறாவது அம்புல டைம்அவுட் ஆனா என்ன பண்றது?" என்று நேராகக் கேட்டுவிடலாம். நடுவில் ஒரு படி நுழைத்தால் கீழே இருப்பவை தாமாக இறங்கிக்கொள்ளும். கையால் இழுத்து வரையும் கருவிகளில் இந்த வேலைக்கு அலுத்துத்தான் பலர் படத்தைத் திருத்தாமலே விட்டுவிடுகிறார்கள்.

அதைவிட எனக்குப் பெரிய விஷயம், படம் புரோகிராம் கோடோடு அதே கிட் ரெப்போவில் (மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கோப்புக் களஞ்சியம்) இருப்பது. எந்த அம்பு மாறியது என்பது புல் ரெக்வெஸ்டில் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) ஒரு வரி மாற்றமாகத் தெரிகிறது. புரோகிராம் மாறியும் படம் மாறவில்லை என்றால் ரிவ்யூ செய்பவர் அங்கேயே கேட்டுவிடுவார். இன்னொரு வசதி பலருக்குத் தெரியாது: உருவாகும் பிஎன்ஜி கோப்புக்குள்ளேயே மூல உரையும் பதிந்திருக்கும். மூலக் கோப்பு தொலைந்தாலும் படத்திலிருந்தே எடுத்துவிடலாம்.

புரோகிராமின் பகுதிகளையும் அவற்றின் தொடர்பையும் காட்டும் கிளாஸ், காம்பொனென்ட் படங்களில் கதை வேறு. எந்தக் கட்டம் எங்கே என்பதை கிராஃப்விஸ் என்ற தனிக் கருவி முடிவு செய்கிறது. படம் பெருத்துவிட்டால், புதிதாக ஒரு கட்டம் சேர்த்ததற்கே மொத்தமும் இடம் மாறி நிற்கும். அம்புக்குத் திசை சொல்லலாம், மறைகோடு போட்டு இழுக்கலாம், ஓரளவுதான் பலிக்கும். படத்தைப் பிரித்து, பொதுவான பகுதிகளைத் தனிக் கோப்பில் வைத்து இன்க்லூட் செய்வதே நல்ல வழி. அமைப்பை மாற்றாவிட்டால் பிஎன்ஜி 4096 பிக்சலோடு வெட்டுப்படும் என்பதால் பெரிய படத்துக்கு எஸ்விஜி (பெரிதாக்கினாலும் சிதையாத பட வடிவம்) எடுங்கள். தமிழில் பெயர் எழுதுபவர்களுக்கும் அதுதான் நல்லது. படம் உருவாகும் சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் பிஎன்ஜியில் வெறும் பெட்டிகள்தான் வரும்.

அலுவலகப் படங்களை இணையத்தில் இருக்கும் பிளான்ட்யூஎம்எல் பொது சர்வரில் ஒட்டாதீர்கள். டாக்கரில் சொந்தமாக ஒன்று ஓட்டுவது சுலபம்.

ரீட்மீ கோப்பில் இரண்டு மூன்று கட்டம் போதும் என்றால் மெர்மெய்ட் என்ற இதேபோன்ற கருவி போதுமானது. 2022 முதல் கிட்ஹப் அதை நேரடியாகவே வரைந்து காட்டுகிறது. பிளான்ட்யூஎம்எல் படம் வரையும் கருவி, மாடல் வைத்திருக்கும் கருவி இல்லை. ஒரு கோப்பில் கிளாஸின் பெயரை மாற்றினால் மற்றவற்றில் பழைய பெயரே நிற்கும், எச்சரிக்கை எதுவும் வராது. பெயர் எல்லா இடத்திலும் ஒன்றாக மாற வேண்டும், மாடலிலிருந்து புரோகிராம் கோடு பிறக்க வேண்டும் என்றால் எக்லிப்ஸ் பாபிரஸ் போன்ற மாடலிங் கருவி ஒன்றைப் பாருங்கள். கற்றுக்கொள்ள நாளாகும், ஆனால் அந்த வேலைக்கு அதுதான் சரி.