ஒரே மாடல், இரண்டு தேதிகள்: ஒரு போனின் புதுப்பிப்புச் சேவை பற்றி

எங்கள் வீட்டில் ஒரே மாடலைச் சேர்ந்த இரண்டு ஆண்ட்ராய்டு போன்கள் இருக்கின்றன. என்னுடையதைத் தயாரிப்பு நிறுவனத்திடமே நேரடியாக வாங்கினேன். தம்பியுடையது ஒரு மொபைல் சேவை நிறுவனத்தின் இரண்டாண்டு ஒப்பந்தத்தோடு வந்தது. கேமராவையும் திரையையும் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். ஒன்றரை ஆண்டுகளாக இரண்டையும் அருகருகே பார்த்துவருபவன் என்ற முறையில், வாங்கிய பிறகு இந்தப் போனுக்கு மென்பொருள் புதுப்பிப்புகள் எப்படி வந்து சேர்கின்றன என்பதை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

சென்ற வாரம் இரண்டு போன்களையும் மேசைமேல் வைத்து, அமைப்புகளில் மென்பொருள் விவரங்கள் உள்ள பக்கத்தைத் திறந்தேன். பாதுகாப்பு பேட்ச் (ஓட்டைகளை அடைக்கும் திருத்தத் தொகுப்பு) தேதி என் போனில் சென்ற மாதத்தையும், தம்பியின் போனில் அதற்கு நான்கு மாதங்கள் முந்தைய மாதத்தையும் காட்டியது. புதிய அப்டேட் இருக்கிறதா என்று இரண்டிலும் தேடினேன். வட்டம் சில நொடிகள் சுழன்றபின், மென்பொருள் சமீபத்தியதாகவே இருக்கிறது என்ற ஒரே செய்தி இரண்டு திரைகளிலும் தோன்றியது. என் முதல் குறையும் பெரிய குறையும் அந்தச் செய்திதான். அந்தக் குறிப்பிட்ட போனுக்கென்று இதுவரை அனுப்பப்பட்டவற்றில் இதுவே கடைசி என்பதற்குமேல் அதற்குப் பொருள் இல்லை. ஆனால், படிப்பவர் தம் போன் பத்திரமாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வார். என் தம்பியும் அப்படித்தான் நம்பியிருந்தான்.

நான்கு மாதத் தாமதத்தை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்று விளக்க வேண்டும். 2015-இல் 'ஸ்டேஜ்ஃபிரைட்' எனப்பட்ட கடுமையான ஓட்டை வெளிப்பட்ட பின்னர், ஆண்ட்ராய்டின் குறைகளையும் அவற்றுக்கான திருத்தங்களையும் பட்டியலிட்டு மாதந்தோறும் பாதுகாப்பு அறிக்கை வெளியிடும் வழக்கத்தை கூகிள் தொடங்கியது. பேட்ச் தேதியில் நாள் 1 என்று இருந்தால் ஆண்ட்ராய்டின் பொதுப் பகுதிகளுக்கான திருத்தங்கள் சேர்ந்துவிட்டன என்று பொருள். 5 என்று இருந்தால் இயங்குதளத்தின் அடிப்படை மையமான கெர்னல், சிப் சார்ந்த பாகங்களுக்கான திருத்தங்களும் சேர்ந்திருக்கின்றன. அறிக்கை வெளியான நாளிலிருந்து, எந்தக் கதவு பூட்டப்படவில்லை என்பது காவலுக்கும் தெரியும், திருட வருபவனுக்கும் தெரியும். அதற்குப் பின் கழியும் ஒவ்வொரு வாரமும் பயனரின் கணக்கில்தான் சேர்கிறது.

தாமதம் எங்கே நேர்கிறது என்பதை அறிய, ஒரு புதிய ஆண்ட்ராய்டு பதிப்பு கடக்கும் வழியைப் பார்க்க வேண்டும். கூகிள் வெளியிடும் மூலநிரலுக்கு ஏற்றபடி குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் நிறுவனங்கள் தங்கள் டிரைவர்களை, அதாவது சிப்பை இயக்கும் மென்பொருளைச் சரிசெய்கின்றன. அதன்மேல் தயாரிப்பாளர் தமது முகப்பையும் செயலிகளையும் பொருத்தி ஒவ்வொரு மாடலிலும் சோதிக்கிறார். மொபைல் சேவை நிறுவனம் விற்ற போனாக இருந்தால், அந்த நிறுவனமும் தன் நெட்வொர்க்கில் சோதித்து ஒப்புதல் தர வேண்டும். கடைசியாக, ஏதேனும் பிழை தெரிந்தால் நிறுத்திவிடலாம் என்பதற்காக, முதலில் சிறு பகுதியினருக்கும் பிறகு படிப்படியாக எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். மாதாந்திரத் திருத்தம் இதைவிடச் சிறியது என்றாலும், செல்லும் பாதை ஏறத்தாழ இதுவே. 2017-இல் ஆண்ட்ராய்டு 8-உடன் வந்த 'பிராஜெக்ட் டிரெபிள்', சிப் சார்ந்த பகுதியை இயங்குதளத்திலிருந்து பிரித்துவைத்ததால் நடுவிலுள்ள வேலை ஓரளவு குறைந்தது.

சேவை நிறுவனத்தின் சோதனை வீண் என்று நான் சொல்லமாட்டேன். போனை நெட்வொர்க்கோடு இணைக்கும் மோடத்தின் மென்பொருளில் ஒரு சிறு பிழை இருந்தாலும் அவசர அழைப்பே போகாமல் நின்றுவிடக்கூடும். ஆனால், என் போனில் இருப்பதும் அதே நிறுவனத்தின் சிம்தான். அதே மாடல், அதே நெட்வொர்க். புதிய பேட்சோடு பல வாரங்களாக அழைப்புகளும் இணையமும் எந்தச் சிக்கலும் இல்லாமல் நடக்கின்றன. அப்படியிருக்க, தம்பியின் போனுக்கு நான்கு மாதங்கள் எதைச் சோதிக்கிறார்கள் என்று இருதரப்பு வாடிக்கையாளர் மையங்களிடமும் கேட்டேன். ஒப்புதல் வரவில்லை என்று தயாரிப்பு நிறுவனம் சொன்னது; தங்களுக்கு இன்னும் எதுவும் அனுப்பப்படவில்லை என்று சேவை நிறுவனம் சொன்னது. இரண்டில் எது உண்மை என்று பயனர் சரிபார்க்க எந்த வழியும் இல்லை. ஐபோனில் இந்த நிலை இல்லை: ஆப்பிள் தன் புதுப்பிப்புகளைத் தானே நேரடியாக வழங்குகிறது, சேவை நிறுவனங்களுக்குரிய அமைப்புகள் தனியான சிறு கோப்பாக வருகின்றன.

பாராட்ட வேண்டியவையும் உண்டு. இயங்குதளத்துக்குச் சேமிப்பிடத்தில் இரண்டு தனிப் பகுதிகளை ஒதுக்கும், ஆண்ட்ராய்டு 7-இல் அறிமுகமான முறை இந்த மாடலில் உள்ளது. நாம் போனைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே புதிய பதிப்பு மற்றொரு பகுதியில் நிறுவப்படுகிறது. ஒருமுறை நிறுவல் பாதியில் இருக்கும்போது பேட்டரி தீர்ந்து என் போன் அணைந்துவிட்டது. சார்ஜ் ஏற்றியதும் எந்தத் தகவலும் அழியாமல் பழைய பதிப்பிலேயே எழுந்தது. மறுநாள் நிறுவல் முடிந்தது. இன்னொன்று, மென்பொருள் விவரங்கள் உள்ள அதே பக்கத்தில் 'கூகிள் பிளே சிஸ்டம் புதுப்பிப்பு' என்று ஒரு தேதி இருக்கிறது. ஆண்ட்ராய்டு 10 முதல், மீடியா போன்ற சில பாகங்களை கூகிள் இந்த வழியில் நேரடியாகவே திருத்துகிறது. அந்தத் தேதி மட்டும் இரண்டு போன்களிலும் ஒன்றாக இருந்தது. நடுவில் நிற்பவர்கள் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

2023-இல் வந்த கூகிளின் பிக்சல் 8 போனுக்கும், 2024-இல் வந்த சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 போனுக்கும் 7 ஆண்டுகள் புதுப்பிப்பு உறுதியளிக்கப்பட்டது. நல்ல செய்திதான், எனினும் எத்தனை ஆண்டுகள் என்பதோடு, எத்தனை நாளில் என்பதையும் கேட்டுப் பழக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடப்பிலுள்ள விதி இரண்டையும் கேட்கிறது: விற்பனை நின்றபின் குறைந்தது 5 ஆண்டுகள் புதுப்பிப்பு வழங்க வேண்டும், மூலநிரல் வெளியானதிலிருந்து 4 மாதங்களுக்குள் பாதுகாப்புத் திருத்தம் பயனருக்குக் கிடைக்க வேண்டும். 4 மாதம் என்பதே எனக்கு அதிகமாகப்படுகிறது.

போனை நான் பரிந்துரைக்கிறேன். ஒப்பந்தத்தோடு வாங்குவதைப் பரிந்துரைக்கவில்லை. வாங்கும் முன், கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் போனிலேயே பேட்ச் தேதியைத் திறந்து பாருங்கள். ஒப்பந்தம் முடிந்து சிம் பூட்டை நீக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தம்பி காத்திருந்தான். விசாரித்ததில், இந்த மாடலில் பூட்டு நீங்கினால் வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டுக்கொள்ளலாமே தவிர, உள்ளிருக்கும் மென்பொருள் பழைய சேவை நிறுவனத்துக்கு உரியதாகவே இருக்கும், அடுத்த பேட்சும் அதே வழியாகத்தான் வரும் என்று தெரியவந்தது.