பெட்டியில் "8 சேனல்" என்று போட்டிருந்தால் நம்பிவிடாதீர்கள்

எலக்ட்ரானிக் டிரம்ஸையும் கிடாரையும் ஒன்றாக வாசித்து வீட்டுக் கம்ப்யூட்டரில் ரெக்கார்ட் பண்ண ஆசைப்படுபவர்கள், பணத்தை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்தது ஒருமுறை அல்ல, இரண்டு முறை, அதுவும் ஒரே கடையில்.

நான் டிரம்ஸ், தம்பி கிடார். கடையில் தெளிவாகத்தான் சொன்னேன்: டிரம் மாட்யூலிலிருந்து (டிரம்ஸின் சத்தத்தை உருவாக்கும் பெட்டி) இடது, வலது என்று இரண்டு லைன், கிடார் ஒன்று, மூன்றும் ஒரே நேரத்தில் தனித்தனி டிராக்கில் விழ வேண்டும். "இதுல எட்டு சேனல் இருக்கு சார், யூஎஸ்பி-ல அப்படியே கம்ப்யூட்டருக்குப் போயிடும்" என்று ஒரு மிக்ஸரை (பல சத்தங்களைக் கலக்கும் கருவி) எடுத்துத் தலையில் கட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து மாட்டினால் சாஃப்ட்வேரில் இன்புட் 1, இன்புட் 2, அவ்வளவுதான். டிரைவரை மாற்றி, கேபிளை மாற்றி ஓர் இரவு முழுக்கப் போனது. கடைசியில் மேனுவலின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி: யூஎஸ்பி 2 இன், 2 அவுட். அதாவது எட்டும் மிக்ஸருக்குள் போய்க் கலந்த பிறகு அந்த ஸ்டீரியோ கலவை மட்டும்தான் கம்ப்யூட்டருக்குப் போகும். அப்புறம் கிடாரைக் கொஞ்சம் ஏற்றினால் ஸ்னேரும் கூடவே ஏறும், பிரிக்க வழியில்லை.

போன் செய்தால், பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். கிடாரை நேராகக் கம்ப்யூட்டரில் செருக ஒரு யூஎஸ்பி கிடார் கேபிளையும் வாங்கச் சொன்னார்கள். அதையும் வாங்கினேன் (என் புத்தி அப்படி). விண்டோஸில் ஏஸியோ (தாமதத்தைக் குறைக்கும் ஆடியோ டிரைவர்) வழியாகப் போனால் சாஃப்ட்வேர் பொதுவாக ஒரு கருவியைத்தான் திறக்கும். ஏஸியோ4ஆல் என்ற டிரைவரைப் போட்டு மிக்ஸர், கேபிள் இரண்டையும் சேர்த்தேன், ஆனால் பதிவின் வேகத்தை நிர்ணயிக்க இரண்டுக்கும் அதனதன் கடிகாரம். பாட்டு தொடங்கும்போது சரியாக இருந்தது முடியும்போது தாளத்திலிருந்து விலகிவிடுகிறது. நான்தான் இழுத்து அடிக்கிறேன் என்று தம்பி ஒரு வாரம் சண்டை போட்டான்.

கிடாரை மிக்ஸரிலேயே செருகினால் சத்தம் மந்தமாக இருந்தது, கிடார் கம்பியை மாற்றுங்கள் என்று கடையில் சொன்னார்கள். கம்பியில் ஒன்றுமில்லை. கிடார் பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) ஹை-இசட், அதாவது மின்தடை அதிகமான இன்புட் வேண்டும், சுமார் 1 மெகா ஓம். சாதாரண லைன் இன்புட் 10 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும்.

எரிச்சல் என்னவென்றால், என் டிரம் மாட்யூலின் பின்னாலேயே யூஎஸ்பி இருக்கிறது. அதைக் கம்ப்யூட்டரில் செருகினால் அடிகள் மிடியாக (சத்தமாக அல்ல, எதை எவ்வளவு பலமாக அடித்தோம் என்ற தகவலாக) பதிவாகும், ஆடியோ இன்புட் கிடாருக்கு மட்டும் போதும், ஹை-இசட் உள்ள இரண்டு இன்புட் இன்டர்ஃபேஸே (சத்தத்தைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் பெட்டி) தாராளம். மாட்யூலின் சத்தம் மிடியில் வராது, அதனால் கம்ப்யூட்டரில் ஒரு டிரம் சாஃப்ட்வேர் வேண்டும், பஃபரை, அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்துவைக்கும் ஆடியோ அளவை, 128 சாம்பிளுக்கு இறக்க வேண்டும் (44,100 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட்), இல்லையென்றால் அடித்த பிறகுதான் சத்தம் வரும். இதை அந்தக் கடையில் ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் மிக்ஸர் விற்காதே!

கடையில் "எத்தனை சேனல்" என்று கேட்காதீர்கள். "ஒரே நேரத்தில் எத்தனை டிராக் தனித்தனியாகப் பதிவாகும்" என்று கேளுங்கள், அங்கேயே லேப்டாப்பில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே என்னைப்போல் மாட்டிக்கொண்டவர்கள் மிக்ஸரில் டிரம்ஸை முழுக்க இடப்பக்கமும் கிடாரை முழுக்க வலப்பக்கமும் திருப்பி வைத்து, இரண்டு மோனோ டிராக்காகப் பதிவு செய்யுங்கள். டிரம்ஸின் ஸ்டீரியோ போய்விடும், ஆனால் இரண்டும் தனியாக நிற்கும்.