கடல்நீரா, கழிவுநீரா: தாகமெடுத்த நகரத்துக்கு எது முதலில்?

சென்னைக்கு நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் மீஞ்சூர் அருகே 2010-லும், அதே அளவில் இன்னொன்று நெம்மேலியில் 2013-லும் வந்தன. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மறுசுழற்சி செய்யும் நிலையங்கள் 2019-ல்தான் வந்தன. எங்கள் கணிப்பில் இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

இரண்டிலும் உள்ளே இருப்பது ஒரே வகை ஆர்.ஓ. சவ்வுதான்: அழுத்தத்தில் நீரை விட்டு உப்பைத் தடுக்கும் மெல்லிய படலம். வித்தியாசம் உப்பில் இருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதைச் சவ்வு வழியே தள்ள 55 முதல் 70 பார் அழுத்தம் வேண்டும் (1 பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). வெளியேறும் உவர்நீரின் அழுத்தத்தை மீட்டெடுக்கும் கருவி பொருத்தினாலும் 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகும். உயிரியல் முறையில் சுத்திகரித்த கழிவுநீரில் உப்பு ஏறக்குறைய 1 கிராம்தான். 10-15 பார் போதும். நுண்வடிகட்டலும் புற ஊதா விளக்கும் சேர்த்தே 1 யூனிட் அளவில் முடிந்துவிடும். நாளுக்கு 10 கோடி லிட்டர் என்றால், ஒருபக்கம் 3.5 லட்சம் யூனிட், மறுபக்கம் 1 லட்சம்.

வீணாகும் நீரிலும் இதே கதைதான். கடல்நீரில் 100 லிட்டர் எடுத்தால் 40-45 லிட்டர்தான் நல்ல நீர். மிச்சம் ஏறக்குறைய இருமடங்கு உப்போடு கடலுக்கே திரும்புகிறது. கழிவுநீரில் 75 லிட்டர் வரை கிடைக்கும்.

ஆனால் கழிவுநீரை நடத்துவதுதான் கஷ்டம். சவ்வில் நுண்ணுயிர்கள் படலமாகப் படியாமலிருக்க குளோரின் வேண்டும். அதே குளோரின், பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக்காலான சவ்வை அரித்துவிடும். அதனால் அம்மோனியாவோடு சேர்த்துக் குளோரமைனாகக் கொடுக்கிறார்கள். குளோரமைனிலிருந்து என்.டி.எம்.ஏ. என்ற நச்சு உருவாகலாம். அது சிறிய மூலக்கூறு, ஆர்.ஓ.வையும் ஓரளவு தாண்டிவிடும். குடிக்கக் கொடுப்பதாக இருந்தால் அதன்பின் அந்த நச்சை உடைக்கும் புற ஊதா விளக்கைத் தவிர்க்கவே கூடாது. வரிசையின் கடைசிச் சவ்வுகளில் கால்சியம் பாஸ்பேட் வெள்ளையாகப் படியும்; அமிலம் விட்டு பி.எச். அளவைக் குறைக்காவிட்டால் அழுத்தம் மளமளவென ஏறும்.

கடல்நீரில் தொல்லை வாசலிலேயே வரும். 0.45 மைக்ரான் வடிதாளில் 15 நிமிடம் நீரைச் செலுத்தி, தாள் எவ்வளவு அடைபடுகிறது என்று கணக்கிடும் எஸ்.டி.ஐ. சோதனையில் எண் 3-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. மழைக்காலக் கலங்கலிலும் பாசிப் பெருக்கத்திலும் தாள் பழுப்பேறி எண் 5-ஐத் தாண்டினால் நிலையத்தையே நிறுத்திவைக்க வேண்டியிருக்கும்.

மக்கள் மனம் தனிக் கணக்கு. நமீபியாவின் விண்ட்ஹோக்கில் 1968 முதல் சுத்திகரித்த கழிவுநீரை நேரடியாகக் குடிநீரில் கலக்கிறார்கள். தொழிற்சாலைக் கழிவை வேறு குழாயில் பிரித்ததுதான் அங்கே அடிப்படை. ஆஸ்திரேலியாவின் டூவும்பாவில் 2006-ல் வாக்கெடுப்பு வைத்தபோது பெரும்பான்மையோர் வேண்டாம் என்றார்கள். சிங்கப்பூர் 2003-ல் தொடங்கிய நியூவாட்டர் என்ற மறுசுழற்சி நீரை முக்கியமாகக் கணினிச் சிப் ஆலைகள் போன்ற தொழில்களுக்கே தருகிறது, கொஞ்சம் நீர்த்தேக்கத்தில் கலக்கிறது. சென்னையும் மறுசுழற்சி நீரை ஆலைகளுக்கே அனுப்புவது சரியான தொடக்கம். ஆலை எடுக்காமல் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு லிட்டர் நன்னீரும் ஒரு வீட்டுக் குழாய்க்குப் போகும்.

கடல் வெல்லும் இடமும் உண்டு. பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் மறுசுழற்சி செய்ய எதுவுமில்லை. வறட்சியில் மக்கள் குறைவாகப் புழங்கினால் சாக்கடையும் வற்றும், கடல் வற்றாது. 2013-ல் நாளுக்கு 62.4 கோடி லிட்டர் அளவில் சோரெக் நிலையத்தைத் திறந்த இஸ்ரேல், கழிவுநீரில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு வயல்களுக்குத் திருப்பியும் விடுகிறது. அங்கும் ஒரு பாடம் கிடைத்தது: உப்பு நீக்கியபோது மெக்னீசியமும் போய்விட, அந்த நீர் பாய்ந்த பயிர்களில் குறைபாடு தெரிந்தது.

கழிவுநீர்தான் முதலில் என்று முடிவெடுக்கும் கடலோர நகரம், டெண்டருக்கு முன் ஓராண்டு முழுக்கத் தன் சாக்கடை நீரின் உப்பை அளக்க வேண்டும். உடைந்த குழாய் வழியே கடல்நீர் கசிந்தால், கடல் ஏற்றத்தின்போது உப்பு எகிறும், 1 யூனிட் கணக்கு அங்கேயே கெட்டுவிடும். அப்படியானால் முதல் பணம் சவ்வுக்கல்ல, குழாயை அடைப்பதற்கு.