டி750-ஐக் கொடுத்துவிட்டு ஏ7சி வாங்கலாமா?

நிக்கான் டி750 கேமரா (2014), 24-70 எஃப்/2.8 லென்ஸோடு ஏறக்குறைய 1,740 கிராம். சோனி ஏ7சி கேமரா (2020), கூடவே வரும் 28-60 லென்ஸோடு 676 கிராம். இரண்டும் ஃபுல் ஃபிரேம் (35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார்), இரண்டும் 24 மெகாபிக்சல். தாராசுரம் கோயிலில் ஒவ்வொரு தூணாக நின்று பார்ப்பவருக்கு அந்த ஒரு கிலோ வித்தியாசம் மத்தியானத்துக்குள் தோளில் தெரிந்துவிடும்.

ஆனால் சின்ன லென்ஸ் 60 எம்எம்மில் எஃப்/5.6தான், பழையதைவிட இரண்டு ஸ்டாப் குறைவு, அதாவது நாலில் ஒரு பங்கு வெளிச்சம்தான். கல் சிற்பம் அசையாது, அதனால் ஏ7சி உடலிலேயே உள்ள ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சமன்செய்வது) காப்பாற்றும். திருவையாறு ஆராதனையில் மிருதங்கக்காரரின் விரல்கள் அசையுமே, அதற்கு இது உதவாது! கச்சேரி நடுவே ஏ7சியின் சத்தமில்லாத ஷட்டர் என்னவோ பெரிய வரம்தான். ஆனால் அதில் எடுத்தால் எல்இடி விளக்கில் படத்தில் பட்டை விழலாம், சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

பேட்டரி ஒரு சார்ஜில் டி750-க்கு 1,230 படம், ஏ7சிக்கு 740. மெமரி கார்டு பழையதில் இரண்டு போடலாம், புதியதில் ஒன்றுதான், அது கெட்டால் நகல் இருக்காது. காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுப்பவர் என்றால் இதற்காகவே பழையதை விடாதீர்கள். ஏ7சியின் வ்யூஃபைண்டரும் (கண் வைத்துப் பார்க்கும் இடம்) சிறிசு, கண்ணாடி போட்ட எனக்கு அது உறுத்தல்.

எக்ஸ்சேஞ்சில் எனக்குச் சொன்னது அடிமாட்டு விலை. லென்ஸைத் தனியாக விற்றேன், அப்புறம்தான் கணக்கு கட்டுப்படியானது. நிக்கானின் 50 எம்எம் 1.8டி லென்ஸை மட்டும் கொடுக்கவில்லை. வெளிச்சம் நுழையும் துளையை லென்ஸிலேயே திருகி மாற்றும் அப்பர்ச்சர் வளையம் இருப்பதால் சாதாரண அடாப்டரிலேயே சோனியில் ஓடும், ஃபோகஸ் மட்டும் கையால்.